நரம்பின் பாதை – 14: யாழ் தோற்ற இடம்

சென்ற வாரம் விசயமங்கலத்தில் நிறுத்தியிருந்தோம். கொங்குவேள் தம் பெருங்கதையில் உதயணன் கையில் கோடபதி என்ற யாழைக் கொடுத்தார். மதம் கொண்டு உஞ்சை நகரையே கலக்கிய நளகிரி யானை அந்த யாழின் ஒலிக்கு அடங்கியது. யானையை அடக்கிய நரம்பு, ஒரு சிறு பிள்ளையின் குரலுக்கு முன்னால் எப்படித் தோற்றது?

*

கோபிசெட்டிபாளையத்தில் பேருந்து ஏறி, கவுந்தப்பாடி தாண்டி, பவானியில் இறங்கினால் கூடுதுறை. காவிரியும் பவானியும் கலக்கும் அந்தத் துறையில் சங்கமேசுவரர் கோயில். தேவாரம் இந்த ஊரைத் திருநணா என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இங்கே வந்து பதிகம் பாடினார்.

அவருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் ஊர் ஊராக நடந்தார்கள் என்கிறது பெரியபுராணம். எருக்கத்தம்புலியூர்க்காரர்களான அவர்கள் சீர்காழியில் சம்பந்தரைக் கண்ட நாள் முதல் அவரைப் பிரியவில்லை. பிள்ளை பாடுவார், பாணர் அதை யாழில் இடுவார்.

திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்து ஆட்டியதும், சம்பந்தர் பதிகம் பாடி அதை விரட்டியதும் கொங்கு நாட்டில் பலரும் அறிந்த கதை. அந்தக் குளிரில் பாணரின் யாழ் என்ன பாடு பட்டிருக்கும் என்று கேட்பார் இல்லை. தோல் போர்த்த கருவி அது. ஈரக் காற்று பட்டால் தோல் தளரும், சுருதி இறங்கும். ஒவ்வொரு பதிகத்துக்கு முன்பும் பாணர் உட்கார்ந்து நரம்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டியாக வேண்டும்.

அந்தக் கூட்டும் வேலை எப்படி நடந்தது? இந்த வாரக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

*

யாழின் உடலை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அடியில் குடைந்த மரம், அது பத்தர். அதன் வாயை மூடிய தோல், போர்வை. பத்தரிலிருந்து வில்லைப் போல் வளைந்து எழுவது கோடு. போர்வையிலிருந்து கோட்டுக்கு இழுத்துக் கட்டியவை நரம்புகள். கோட்டில் நரம்பைப் பிடித்து நிறுத்தும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். நரம்பை வலித்து முறுக்கும் உறுப்பு மாடகம்.

பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. எந்த யாழானாலும் அடிப்படை ஒன்றே: ஒரு நரம்பு, ஒரு சுரம். வீணையைப் போல மெட்டின் மேல் அழுத்தி ஒரே கம்பியில் பல சுரம் எடுக்கும் வழி இதில் இல்லை.

பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் திவவைப் பார்த்த பார்வை அபாரமானது. இளம்பெண்ணின் முன்கையில் கிடக்கும் வளையலுக்கு அதை ஒப்பிடுகிறார். ஓரிடத்தில் நெகிழும், ஓரிடத்தில் இறுகும். ஓர் உவமையில் அந்தக் கட்டு நகரக்கூடியது என்பதைப் புலவர் நமக்குச் சொல்லிவிட்டார். வளைந்த கோட்டின் மேல் கட்டை ஏற்றினால் நரம்பு இறுகும், சுரம் உயரும், இறக்கினால் தாழும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற கருவியில் இதே முறையை இன்றும் காணலாம். அதற்கும் 21 நரம்பு. கழுத்தில் தோல் வளையங்கள். வளையத்தைத் தள்ளிச் சுருதி கூட்டுவார்கள். பர்மாவின் சவுங் யாழில் சிவப்பு நூற்கயிறுகளைத் தண்டில் சுற்றி முறுக்குவார்கள்.

இந்தக் கட்டுக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதல் குணம் நாதத்தைப் பற்றியது. நரம்பின் ஒரு முனை உறுதியான மரத்தையோ உலோகத்தையோ தொட்டு நின்றால் அதிர்வு திரும்பத் திரும்ப வந்து ஒலி நீளும். தோலிலும் நூலிலும் முடிந்தால் அந்த மெத்தென்ற முனை கூர்மையான மேலொலிகளைக் குடித்துவிடும். எஞ்சுவது கனிந்த ஒலி. ஆனால் சீக்கிரம் கரையும் ஒலி.

இரண்டாவது, சுருதியைப் பற்றியது. யாழின் கோட்டுக்கு முன்னால் முட்டுக்கால் கிடையாது. ஒரு நரம்பை இறுக்கினால் கோடு மயிரிழை வளையும். வளைந்ததும் மற்ற நரம்புகள் சற்றே தளரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை விலகும்; அவற்றைச் சரிசெய்தால் முதலாவது விலகும். பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

*

அதனால் பழந்தமிழர் வேறொரு வழி கண்டார்கள். நரம்பைத் தொடாமல் பண்ணை மாற்றும் வழி.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்பு. அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 மாத்திரை, மொத்தம் 22. நரம்புகளை அப்படியே விட்டுவிட்டு, எதைக் குரலாக, அதாவது ஆதார சட்ஜமாகக் கொள்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் வேறு பாலை பிறக்கும். குரலே குரலானால் செம்பாலை, இன்றைய அரிகாம்போதி. துத்தம் குரலானால் படுமலைப்பாலை, அது நடபைரவி. உழை குரலானால் அரும்பாலை என்னும் சங்கராபரணம். இளியில் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியில் விளரிப்பாலை, தோடி. தாரத்தில் மேற்செம்பாலை, கல்யாணி.

கைக்கிளையில் மட்டும் இடறும். அதைக் குரலாக்கிப் பிறக்கும் செவ்வழிப்பாலையில் இளி தன் இடத்தில் நிற்காது. சட்ஜத்துக்குச் சரியான பஞ்சமம் கிடைக்காது.

ஏழு நரம்பைக் கூட்டிவைத்து ஏழு பாலையை எடுத்தவர்களின் அறிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஒரு கருவியின் குறையையே ஓர் இசை இலக்கணமாக வளர்த்தெடுத்தார்கள். ஆனால் இந்த வழியிலும் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருக்கும் வெளி திறக்கவில்லை. பாடுபவரின் குரல் அந்த வெளியில் வழுக்கிப் போகும். நரம்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத்தான் முடியும்.

அந்த வெளியில்தான் ஒருநாள் யாழ் விழுந்தது.

*

தருமபுரம். காரைக்காலை ஒட்டிய ஊர். பாணருடைய தாய் பிறந்த ஊர் என்கிறார் சேக்கிழார்.

உறவினர் கூடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாரே என்ற பெருமை அவர்களுக்கு. சம்பந்தரின் பதிகங்கள் உலகெங்கும் பரவியதற்குக் காரணமே உன் யாழ்தான் என்று பாணரிடம் சொல்லிவிடுகிறார்கள்.

பாணர் நடுங்கிப்போனார்.

நேராகச் சம்பந்தரிடம் போய் விழுந்தார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும், இவர்களும் உலகமும் உண்மையை அறிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தம் கருவி தோற்க வேண்டும் என்று தாமே வேண்டிய கலைஞரை நம் இசை வரலாற்றில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

சம்பந்தர் பாடத் தொடங்கினார்.

பாணர் வழக்கம்போல யாழை எடுத்தார். விரல் நரம்பைத் தேடியது. குரல் அந்த நரம்பில் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ வளைந்து போய்க்கொண்டிருந்தது. பாணர் முயன்றார். மறுபடி முயன்றார். நரம்பில் அது அகப்படவே இல்லை.

கேட்டது தாம்தான், தோற்றதும் தாம் வேண்டியபடிதான். ஆனாலும் வாழ்நாள் முழுதும் மடியில் சுமந்த கருவி அப்படி ஊமையாக நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. யாழை உடைக்க ஓங்கினார்.

சம்பந்தர் தடுத்தார். ‘ஐயரே’ என்று மரியாதையோடு அழைத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் கருவியில் அளந்துவிட முடியுமா, இயன்றவரை வாசியுங்கள் என்று தேற்றி, யாழைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர் நின்றது. தருமபுரத்துச் சிவனே இன்று யாழ்மூரிநாதர். ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள். சுரங்களை அசைக்காமல் பாடினால் அடாணா அடாணாவாகவே இருக்காது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

சேக்கிழார் இதை இறையருளின் வெற்றியாகப் பாடினார். அவர் காலம் 12ஆம் நூற்றாண்டு. நிகழ்ச்சிக்கும் அவருக்கும் நடுவே ஐந்து நூற்றாண்டு. பக்தியோடு படிப்பவன்தான் நானும். ஆனாலும் இதற்குள் ஒரு கருவியின் வரலாறும் ஒளிந்திருக்கிறது என்று நம்புகிறேன். தோற்றது பாணரின் விரல் அல்ல. ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நரம்பை ஏற்றவும் இறக்கவும் வழி இல்லாத கோடும் திவவும்தான் அன்று தோற்றன.

*

இனி ஒரு நீண்ட தாவல். 1953ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம்.

வெப் பியர்ஸ் என்ற பாடகரின் ‘ஸ்லோலி’ பாட்டு ஒலிப்பதிவாகிறது. ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் பட் ஐசக்ஸ்.

ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு அதைப் பரப்பினார். மடியில் கிட்டாரைக் கிடத்தி, உலோகத் தண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பது. நம் கோட்டுவாத்தியம் போல. ஆனால் தண்டு நேரானது. அதை நகர்த்தினால் கம்பிகள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரு கம்பி மட்டும் ஏற, மற்றவை நிற்க வழியில்லை. யாழுக்கு நேர்ந்த நெருக்கடிதான், மறுபக்கத்திலிருந்து.

அதற்குக் காலால் வழி கண்டார்கள். கருவியின் அடியில் மிதி. பவானியில் ஜமக்காளம் நெய்பவர் குழித்தறியில் இறங்கி மிதியை அழுத்தினால் பாவு நூலில் வேண்டியவை மட்டும் எழும்புகின்றன அல்லவா? அதேபோல இங்கே ஒரு மிதிக்கு இன்ன கம்பி என்று கட்டினார்கள். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு அப்படியொரு கருவி செய்து கொடுத்தார். அந்த நாள்களில் மிதியைப் பெரும்பாலும் சுருதியை மாற்றிவைத்துக்கொண்டு வாசிக்கத்தான் பயன்படுத்தினார்கள். முதலில் மிதி, பிறகு மீட்டு. யாழ்ப்பாணர் பதிகத்துக்கு முன் நரம்பைக் கூட்டிக்கொண்டது போல.

ஐசக்ஸ் அந்த வரிசையை மாற்றினார். கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார்.

ஒரு சுரம் நிற்க, அதன் பக்கத்துச் சுரங்கள் வளைந்து ஏறி வேறொரு கூட்டொலியாக மலர்ந்தன. 1954இல் பாட்டு அமெரிக்கா முழுக்க ஒலித்தது. ஸ்டீல் கிட்டார் வாசித்தவர்கள் பலர் தங்கள் கருவிக்கு மிதி பூட்ட ஓடினார்கள். பட்டி எம்மன்ஸ் என்ற இளைஞர் ஒரே மிதி செய்ததை இரண்டாகப் பிரித்தார். நம் கணக்கில் சொன்னால் ச-க-ப என்று கூட்டிய கம்பிகளில் ஒரு மிதி பஞ்சமத்தைத் தைவதத்துக்கு ஏற்றும். மற்றது காந்தாரத்தை மத்தியமத்துக்கு ஏற்றும். இரண்டையும் மிதித்தால் ச-ம-த.

தருமபுரத்தில் இல்லாமல்போன வழி இது.

*

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதைத் தீர்மானித்தது சேஞ்சர் என்ற உறுப்பு.

சாதாரண கிட்டாரில் கம்பி முடியும் பாலம் அசையாது. மிதி பூட்டிய ஸ்டீல் கிட்டாரான பெடல் ஸ்டீலில் அந்தப் பாலமே அசையும். ஒவ்வொரு கம்பியும் ‘ஃபிங்கர்’ என்ற உலோக உறுப்பின் வளைந்த முதுகில் ஏறி இறங்குகிறது. மிதித்தால் அடியிலிருந்து ஒரு கம்பித்தண்டு ஃபிங்கரை இழுக்கும். அது அச்சில் சுழன்று கம்பியை இறுக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

கொண்டுவருமா? அங்கேதான் சுருதிச் சிக்கல். உராய்வினால் கம்பி சில சமயம் பழைய இடத்துக்கு ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ நின்றுவிடும். இரண்டு கம்பியை இழுத்தால் மரப்பெட்டி சற்றே வளைந்து மற்றக் கம்பிகள் தளரும். யாழின் கோட்டில் நடந்த அதே விலகல், 20ஆம் நூற்றாண்டின் இரும்பிலும் அலுமினியத்திலும்! வாசிப்பவர்கள் இதை ‘கேபினட் டிராப்’ என்கிறார்கள்.

நாதத்திலும் ஒரு பிளவு வந்தது. 1963இல் எம்மன்ஸ் பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகளில் ‘புஷ்-புல்’ சேஞ்சர். மிதிக்காத நேரத்தில் ஃபிங்கர் உடலோடு பொருத்திய தடுப்பில் முட்டி உறுதியாக நிற்கும். கம்பியின் அதிர்வு நேராக உடலுக்குள் இறங்கும். அந்த ஒலியின் கனத்துக்கு இன்றும் உயிரை விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சுருதி கூட்டிச் சரிப்படுத்தப் பொறுமை வேண்டும்.

பிறகு வந்த ‘ஆல்-புல்’ முறையில் ஏற்றும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நைலான் திருகு. சாவியால் சற்றே திருப்பினால் போதும். ஆனால் ஃபிங்கர் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே தொங்குகிறது. முட்டி நிற்க அந்தத் தடுப்பு இல்லை. சுருதி எளிதானது. நாதம் மெலிந்தது என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

என் காதுக்கு முதல் சாரார் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நரம்பின் முனை எதைத் தொட்டு நிற்கிறதோ, அதன் ஒலிதான் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. சேர்ந்து ஒலிக்கும்போது இனிக்கும் காந்தாரம், பியானோவின் காந்தாரத்தைவிடத் தாழ்ந்தது. அரைச் சுரத்தை 100 பங்காக்கினால் சுமார் 14 பங்கு. தனித் திருகு இருப்பதால் பெடல் ஸ்டீலில் அந்த இனிய இடத்திலேயே நிறுத்த முடியும். ஆனால் ஒரு கூட்டொலியில் இனித்த அதே கம்பி அடுத்த கூட்டொலியில் கடிக்கும். குரலை மாற்றியதும் இளி நழுவிய செவ்வழிப்பாலை நினைவுக்கு வருகிறதா?

*

தமிழ்நாட்டில் சுரங்களுக்கு நடுவே இருந்த அந்த வெளியை வேறு கைகள் திறந்தன. மெழுகில் மெட்டுப் பதித்த வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுத்தார்கள். மெட்டே இல்லாத கோட்டுவாத்தியத்தில் கம்பியின் மேல் தண்டை வழுக்கினார்கள். யாழ் ஒதுங்கிக்கொண்டே போனது.

ஆனால் ஒரு சந்தேகம் விடாமல் உறுத்துகிறது. பர்மாவில் சவுங் வாசிப்பவர் இடக்கைப் பெருவிரலால் நரம்பைத் தண்டுப் பக்கமிருந்து அழுத்துகிறார். திறந்த நரம்பில் இல்லாத சுரம் அதில் பிறக்கிறது. சேஞ்சரும் இல்லை, மிதியும் இல்லை. ஒரு பெருவிரல் போதும். நம் பாணர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கி மீட்டுகிறாள். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்கள் அங்கே வருகின்றன. இவற்றில் உந்தல் என்பது நரம்பை உந்தி, அது வலிவில் நிற்கிறதா மெலிவில் நிற்கிறதா என்று அறிவது என்பது பழைய அரும்பதவுரை. கூட்டும் நேரத்தில் உந்திப் பார்த்தார்களா, பாடும்போதே உந்தினார்களா என்பதை அந்தச் சிறு குறிப்பு பிரித்துச் சொல்லவில்லை.

பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார். நம் கொங்கு நாட்டுக்காரர். குறுப்பு நாட்டு நிரம்பையைச் சேர்ந்த அடியார்க்குநல்லார். பொப்பண்ண காங்கெயன் ஆதரவில் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர். யாழ் வகைகளையும் பாலை திரியும் முறையையும் அவர் விரித்துச் சொல்லாவிட்டால், 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் 1947இல் விபுலாநந்தரின் யாழ் நூலும் தங்கள் ஆதாரத்தில் பெரும்பகுதியை இழந்திருக்கும்.

1892இல் உ.வே.சாமிநாதையர் அந்த உரையைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அரங்கேற்று காதைக்கு உரை இருந்தது. வேனிற்காதைக்கு இருந்தது. மாதவி யாழைத் தொடும் கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை அகப்படவில்லை. இன்றுவரை அகப்படவில்லை.

அடியார்க்குநல்லார் தாம் கையில் வைத்து எழுதியதாகச் சொன்ன நூல்களில் ஒன்று அறிவனாரின் பஞ்சமரபு. சாமிநாதையர் காலத்தில் அதுவும் மறைந்த நூல்தான். 1970களில் தெய்வசிகாமணிக் கவுண்டர் அதை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவரும் கொங்கு நாட்டவர்.

நிரம்பை உரையாசிரியர் தம் உரைக்காகப் பார்த்த நூல் அது. கானல்வரி உரையில் தொலைந்துபோன விடை அதன் வெண்பாக்களில் மிஞ்சியிருக்கிறதா? ஒலிக்கும் நரம்பைத் தமிழன் உந்தினானா?

(தொடரும்)